பீச்ட்ரீ தெரு வானத்தில் நம் பங்கு

அட்லாண்டா நகரத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



ஆல்ஃபரெட்டாவில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடியிருப்பவள் நான். உங்களில் பலரைத் தமிழ்ப் பள்ளி வாசலிலும் பொங்கல் விழாப் பந்தியிலும் பார்த்திருப்பேன். இத்தனை வருஷத்தில் பொதுவில் மடல் எழுதி உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் ஒரு தடவையாவது போய் உட்கார்ந்துவிட்டு வந்த இடத்தைப் பற்றியது அது. பீச்ட்ரீ தெருவில், போன்ஸ் டி லியோன் அவென்யூ முனையில் நிற்கிற ஃபாக்ஸ் தியேட்டர்.

கச்சேரியோ பிராட்வே நாடகமோ வந்தால் 400-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்துப் போவோம். கார் நிறுத்த இடம் தேடி நாலு சுற்றுச் சுற்றுவோம். உள்ளே போய் அந்த மேற்கூரையைப் பார்த்து ஒரு நிமிஷம் வாய்பிளப்போம், செல்போனில் படம் எடுப்போம், நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டம் கலையும் முன்னால் காரை எடுக்க ஓடுவோம். நானும் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தேன். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் ஓர் அம்மாவோடு போகும் வரைக்கும்.

அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எழுபத்தைந்தைத் தாண்டியவர். அட்லாண்டாவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்துப் பெண்மணி. என் மகளுக்கு ஒரு வருஷம் முழுக்கக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், ஒரு டாலர் வாங்கவில்லை. அதற்கு நன்றியாக ஒரு கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன், மேடைக்குக் கிட்டத்திலேயே, கீழ்த்தளத்தில். உள்ளே நுழைந்ததும் நான் கீழே இறங்கப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "முதல்ல மேல போயிட்டு வந்துடலாம்" என்றார்.

மேலே என்றால் பால்கனிக்கும் மேலே. முட்டிவலி உள்ளவர், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். கூரையை ஒட்டிய கடைசி அடுக்கான கேலரிக்குப் போனதும் ஒரு நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. கீழே மேடை உள்ளங்கை அளவு தெரிந்தது. பிறகு சொன்னார்: "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ எங்களுக்கு விட்ட இடம் இதுதான். இப்ப நாம வந்தோமே, அந்த முன்வாசல் வழியா நாங்க வர முடியாது. வெளிச்சுவத்துல ஒரு படிக்கட்டு உண்டு. மழையானாலும் வெயிலானாலும் அதுலதான் ஏறி வரணும்."

அன்றைக்குப் பாடியவர் என்ன பாடினார் என்பது எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. இந்தக் கட்டடத்தின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்த ராத்திரிக்குப் பிறகுதான். படித்ததையும், வழிகாட்டியோடு சுற்றிப் பார்த்தபோது கேட்டதையும் உங்களிடம் சொல்லிவிட்டு, கடைசியில் என் கோரிக்கைக்கு வருகிறேன்.

இது தியேட்டராகக் கட்ட நினைத்த கட்டடமே இல்லை. ஷ்ரைனர்கள் என்று ஒரு சகோதர சங்கம் உண்டு. குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்களே, குழந்தைகள் மருத்துவமனைகள் நடத்துகிறார்களே, அவர்கள்தான். அவர்களுடைய அட்லாண்டா கிளையான யாராப் டெம்பிள், தனக்கென்று ஒரு தலைமையகம் கட்டத் தொடங்கியது. அரபு, எகிப்து அடையாளங்களை அலங்காரமாக எடுத்துக்கொண்ட சங்கம் என்பதால், வெங்காய வடிவக் குமிழ்மாடம், மினார், வளைவுகள் என்று கட்டடம் எழும்பியது. 'மசூதி' என்றே அதைக் குறிப்பிட்டார்கள், ஆனால் தொழுகை நடந்த இடம் அல்ல அது. 1922-ல் துட்டன்காமன் கல்லறை கண்டெடுக்கப்பட்டதிலிருந்து அமெரிக்காவுக்குப் பிடித்திருந்த எகிப்து மோகமும் சேர்ந்துகொண்டது. எகிப்தியக் கோயிலைப் போல ஒரு நடனக்கூடமே உள்ளே இருக்கிறது.

ஆசைக்கு ஏற்ற காசு கையில் இல்லை. பாதியில் பணம் முடைப்பட, பெரிய அரங்கத்தை சினிமா முதலாளி வில்லியம் ஃபாக்ஸுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அப்படித்தான் ஃபாக்ஸ் என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. 1929 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில் திறப்பு விழா. மிக்கி மவுஸ் வந்த 'ஸ்டீம்போட் வில்லி' அன்றைய நிகழ்ச்சிகளில் ஒன்று. வால் ஸ்ட்ரீட் பங்குச் சந்தை சரிந்து அப்போது இரண்டே மாதம். ஊரில் வேலை போய்க்கொண்டிருந்தது, வங்கிகள் தடுமாறிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளோடு ஓர் அரண்மனை திறந்தது.

உள்ளே போனவர்கள் கண்டது ஒரு முற்றம். சுற்றிலும் கோட்டைச் சுவரும் மாடங்களும், நடுவே திறந்த இரவு வானம். உண்மையில் அது வானம் இல்லை, நீல வண்ணம் பூசிய கூரை. அதில் 96 படிகக் கற்களைப் பதித்து, பின்னால் சின்ன விளக்குகளை வைத்திருக்கிறார்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு விட்டுவிட்டு மினுக்கும். ஒளிவீழ்த்தும் கருவி ஒன்று மேகங்களை அதன்மேல் மெல்ல நகர்த்தும். பால்கனிக்கு மேலே விரித்துக் கட்டியதுபோல் இருக்கும் கோடுபோட்ட கூடாரத்தைத் துணி என்றுதான் பலரும் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அது இரும்புக் கம்பி வைத்துப் பூசிய சுதை. மர உத்தரம் போலத் தெரிவதும் மரம் அல்ல, சுதையின் மேல் தீட்டிய ஓவியம். நம் ஊர் ஸ்டூடியோ செட்டுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை சட்டென்று பிடிபடும். செட்டைப் படம் முடிந்ததும் பிரித்துப் போடுவார்கள். இதை நூறாண்டு நிற்பதற்காகக் கட்டினார்கள், அதுதான் வித்தியாசம்.

ஆனால் நிற்க விடவில்லை காலம். 1930-ல் வில்லியம் ஃபாக்ஸ் தன் கம்பெனியையே இழந்தார். 1932-ல் தியேட்டர் மூடப்பட்டது. கட்டிய சங்கமும் குத்தகைக்கு எடுத்தவரும் இருவருமே கையைச் சுட்டுக்கொண்டார்கள். பிறகு கைமாறி, 1930களின் நடுவில் ஒழுங்கான நிர்வாகம் அமைந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபரா 1947 முதல் 1968 வரை ஆண்டுதோறும் சுற்றுப்பயணமாக வந்து ஒரு வாரம் இங்கே பாடியது. ஊர்ப் பெரிய மனிதர்கள் பட்டும் நகையுமாக முன்வாசலில் வந்து இறங்குவார்கள்.

அந்த முன்வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. கறுப்பினத்தவருக்குத் தனி டிக்கெட் ஜன்னல், வெளிப்புறப் படிக்கட்டு, உச்சியில் கேலரி. 1960களின் தொடக்கத்தில் அட்லாண்டாவின் தியேட்டர்களில் இந்தப் பிரிவினை கைவிடப்படும்வரை முப்பது வருஷத்துக்கு மேல் இப்படித்தான் நடந்தது. தனிக் குவளையும் தனித் தெருவும் இருந்த மண்ணிலிருந்து வந்த நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மனிதரை எந்த வாசல் வழியாக உள்ளே விடுகிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று நமக்கு நன்றாகவே தெரியும்.

1970கள் வந்தபோது தியேட்டர் தளர்ந்துவிட்டது. ஜனங்கள் புறநகருக்குக் குடிபோனார்கள். வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது. கடைத்தொகுதிகளை ஒட்டிச் சின்னச் சின்னத் தியேட்டர்கள் முளைத்தன. நாலாயிரம் நாற்காலியில் நாற்பது பேர் உட்கார்ந்தால் மின்கட்டணம் கட்டுவது எப்படி? அந்த நேரம் பார்த்து, சதர்ன் பெல் தொலைபேசிக் கம்பெனி தன் தலைமையகத்துக்காக இந்த இடத்தைக் கேட்டது. இதை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டத் திட்டம். 1974-ல் செய்தி வெளியே தெரிந்தது. 1975 ஜனவரி 2-ஆம் தேதியோடு படம் ஓட்டுவதும் நின்றது.

அட்லாண்டாவுக்கு இடிப்பது புதிதல்ல. 1905-ல் கட்டிய டெர்மினல் ஸ்டேஷன் என்ற அழகான ரயில் நிலையத்தை 1972-ல் தரைமட்டமாக்கியிருந்தார்கள். பழையதை இடித்தால்தான் முன்னேற்றம் என்று நம்பிய நகரம் அது. இந்தத் தடவை ஜனங்கள் விடவில்லை. அட்லாண்டா லேண்ட்மார்க்ஸ் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு பிறந்தது. 'ஃபாக்ஸைக் காப்பாற்றுங்கள்' என்ற வாசகம் சட்டையில் குத்தும் பொத்தானிலும் காரின் பின்புறத்திலும் ஏறியது. ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சில்லறை சேர்த்துக் கொடுத்தார்கள்.

இந்தக் கதையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவர் அப்போதைய மேயர் மேனார்ட் ஜாக்சன். 1974 ஜனவரியில் பதவியேற்ற அவர், அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயர். பிரிவினைச் சட்டம் நடப்பில் இருந்தபோது இதே நகரத்தில் வளர்ந்தவர். இந்தக் கட்டடம் தன் மக்களை எந்தப் படியில் ஏறவைத்தது என்பது அவருக்குத் தெரியாததல்ல. போனால் போகட்டும் என்று விட அவருக்குக் காரணம் இருந்தது. அவரோ இடிப்பு அனுமதியைச் சில மாதங்களுக்கு நிறுத்தி வைத்தார். பேச்சுவார்த்தைக்கு நேரம் கிடைத்தது. சிக்கலான நிலப் பரிமாற்றம் ஒன்று பேசி முடிந்தது. கம்பெனி தன் கோபுரத்தைத் தியேட்டருக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும், தியேட்டர் அட்லாண்டா லேண்ட்மார்க்ஸ் கைக்கு வரும். 1975-ல் தியேட்டர் கைமாறியது. நார்த் அவென்யூ மார்ட்டா ரயில் நிலையத்தில் இறங்கினால் தலைக்கு மேல் தெரியுமே 47 மாடிக் கட்டடம், அது இந்த உடன்பாட்டின் இன்னொரு பாதி.

கைக்கு வந்தது தியேட்டர் மட்டுமல்ல, 18 லட்சம் டாலர் வங்கிக் கடனும்தான். மூன்று வருஷத்தில் அடைக்க வேண்டும், இல்லையென்றால் போச்சு. அதை அடைக்கத்தான் இந்த சினிமாக் கொட்டகை முழுநேரக் கச்சேரி மேடையாக மாறியது. 1976 ஜூலையில் லினர்ட் ஸ்கினர்ட் ராக் இசைக்குழு மூன்று இரவுகள் இங்கே வாசித்து, அதை 'ஒன் மோர் ஃப்ரம் த ரோட்' என்ற நேரடி ஆல்பமாக வெளியிட்டது. தியேட்டரைக் காப்பாற்றும் நிதிக்கும் உதவியது. அடுத்த வருஷம் அக்டோபரில் அந்தக் குழு போன விமானம் விழுந்து, பாடகர் ரானி வான் ஸான்ட் உட்படச் சிலர் இறந்துபோனார்கள். அவர்கள் கைகொடுத்த அரங்கம் இன்றும் நிற்கிறது. 1978-ல், கெடுவுக்கு முன்பே, கடன் அடைந்தது.

அதே 1978-ல்தான் இதே ஊரில் இருந்த லோவ்ஸ் கிராண்ட் தியேட்டர் தீயில் எரிந்தது. 1939 டிசம்பரில் 'கான் வித் த விண்ட்' படத்தின் முதல் காட்சி நடந்த தியேட்டர் அது. அந்தப் படத்தில் நடித்து, ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் என்ற பெயர் பெற்ற ஹாட்டி மெக்டேனியல், அந்த முதல் காட்சிக்கு வர முடியவில்லை. பிரிவினை வழிமறித்தது. எரிந்த தியேட்டரை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே அலுவலகக் கோபுரம். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமானால் ஓர் அலுவலகச் சுவரைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். ஃபாக்ஸ் கதைக்குப் படிக்கட்டு இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

கேலரியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவிடம் நான் கேட்டேன்: "உங்களை இப்படி நடத்தின இடத்தைக் காப்பாத்த நீங்க காசு கொடுத்தீங்களா?"

"கொடுத்தேனே. அப்பத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அஞ்சு டாலர்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மா வாரம் பூரா அடுத்தவங்க வீட்டுல துணி துவைச்சாங்க. அவங்க வாய்விட்டுச் சிரிச்சு நான் பார்த்தது இந்த நாற்காலியிலதான். படிக்கட்டு தியேட்டர்காரங்க வச்சது. சிரிப்பு எங்கம்மாவோடது. அதை எப்படி இடிக்க விடுவேன்?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

காப்பாற்றியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை அடுத்து சொல்ல வேண்டும். வீடு வாங்கிய நமக்கு அது தெரியும். சாவி கையில் வந்த மறுநாள் கூரை ஒழுக ஆரம்பிக்கும்.

மேடையின் இடது பக்கம் கீழிருந்து மேலே எழும்பி வரும் ஆர்கனைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஊர் வைத்த செல்லப்பெயர் 'மைட்டி மோ'. மேரிலாந்தில் இருந்த மோலர் கம்பெனி 1929-ல் செய்தது. மொத்தம் 3,622 குழல்கள். பெரியது 32 அடி, சின்னது பால்பாயிண்ட் பேனா அளவு. தியேட்டர் ஆர்கன்களில் நியூயார்க் ரேடியோ சிட்டியில் இருப்பதற்கு அடுத்தது இதுதான் என்கிறார்கள். குழல்கள் சுவருக்குப் பின்னால் இருக்கும் அறைகளில் இருப்பதால் நம் கண்ணுக்குப் படாது. விரல் கட்டையைத் தொட்டதும் மின்சாரம் போய் ஒரு வால்வைத் திறக்க, காற்று குழலுக்குள் பாயும். அந்த வால்வுகளில் மெல்லிய தோல் இருக்கும். தோல் காய்ந்து வெடித்தால் குழல் ஊமையாகிவிடும். நம் ஊரில் மிருதங்கத்துக்குத் தோல் மாற்றுவதுபோல, இதற்கும் ஆள் வேண்டும், கை வேண்டும், பொறுமை வேண்டும்.

1950களின் நடுவில் மைட்டி மோ ஊமையாகிப் போனது. 1963-ல் ஜோ பேட்டன் என்பவர் தியேட்டர்க்காரர்களிடம் அனுமதி கேட்டு, ஆர்கன் ஆர்வலர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைப் பேச வைத்தார். பதினொரு வருஷம் கழித்து இடிக்கும் பேச்சு வந்தபோது எதிர்த்து நின்றவர்களில் முன்வரிசையில் இருந்தவரும் அவரே. பிறகு தியேட்டருக்குள்ளேயே ஒரு பகுதியை வீடாக்கிக் குடியிருந்தார். 'ஃபாக்ஸின் ஆவி' என்று அன்போடு கூப்பிட்டார்கள். 1996-ல் கட்டடத்தின் ஒரு பக்கம் தீப்பிடித்தபோது உள்ளேயே குடியிருந்த அவர் உடனே தகவல் கொடுத்தது பெரிய சேதத்தைத் தடுத்தது. 2016-ல் காலமானார். ஒரு மனிதர் தன் ஆயுளில் பாதிக்கு மேல் ஒரு கட்டடத்துக்குக் கொடுத்திருக்கிறார்.

இப்போது அந்த வேலையைச் செய்ய தியேட்டருக்கென்றே சொந்தப் பழுதுபார்ப்புப் பிரிவு இருக்கிறது. 1980களிலிருந்து இயங்குகிறது. இப்படிச் சொந்த ஆட்களை வைத்துக்கொண்டு பழமையைப் பேணும் தியேட்டர்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு. வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கப் போனபோது நானும் மகளும் ஒரு சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றோம். கை படும் உயரத்தில் வண்ணப்பூச்சு தேய்ந்த ஓரிடம் இருந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே, கோலத்து இழைபோல ஒரு சின்னப் பூவேலையைப் புதிதாகத் தீட்டியிருந்தார்கள். எது பழையது, எது புதியது என்று மகள் மூக்கு சுவரில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. தள்ளி நின்று பார்த்தால் தொண்ணூறு வருஷத்துக் கை ஒன்றே தீட்டியதுபோல் இருந்தது. அங்கே கல் என்று நினைப்பது கல் அல்ல, மரம் என்று நினைப்பது மரம் அல்ல. ஆனால் அந்தப் பொய்க் கல்லுக்கும் பொய் மரத்துக்கும் கொடுக்கிற உழைப்பில் பொய் இல்லை.

அந்த வானத்திலும் ஒரு கதை உண்டு. நட்சத்திரங்களில் ஒன்று படிகமே இல்லை, கோக்கோ கோலா பாட்டிலின் கண்ணாடித் துண்டு என்று வெகுநாளாக ஊரில் ஒரு பேச்சு. 2010-ல் பழுதுபார்ப்புப் பிரிவு ஊழியர்கள் இருவர் கூரைக்கு மேலே ஏறித் தேடிப் பார்த்து, அது உண்மைதான் என்று உறுதி செய்தார்கள். எப்போதோ ஒருவர், கல் கிடைக்காததாலோ என்னவோ, இந்த ஊரில் பிறந்த பானத்தின் பாட்டிலையே எடுத்து ஓட்டையை அடைத்து, வானம் இருளாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. நட்சத்திரம் எரிகிறது.

ஒரு பழைய கட்டடத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற முடியாது. சமைக்காத வெண்கலப் பானை களிம்பேறும். ஃபாக்ஸ் பிழைத்ததற்குப் பெரிய காரணம், அது தினமும் உழைக்கிறது என்பதுதான். ஆண்டுக்கு 250-க்கு மேல் நிகழ்ச்சிகள். கோடையில் இன்னும் படங்கள் போடுகிறார்கள், மைட்டி மோவும் வாசிக்கப்படுகிறது. டிக்கெட் பணம் கூரைக்குப் போகிறது, கூரை பாட்டைக் காக்கிறது, பாட்டு மறுபடி ஆட்களைக் கூட்டி வருகிறது. சம்பாதித்ததைத் தனக்கென்றே வைத்துக்கொள்ளவும் இல்லை. 2008-ல் ஃபாக்ஸ் தியேட்டர் இன்ஸ்டிடியூட் என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, ஜார்ஜியாவின் சிற்றூர்களில் இருக்கும் பழைய தியேட்டர்களுக்கும் கைகொடுக்கிறது.

2016 ஏப்ரல் 14 அன்று இசைக்கலைஞர் பிரின்ஸ் இந்த மேடையில் தனி ஆளாக பியானோ முன்னால் உட்கார்ந்து ஒரே இரவில் இரண்டு கச்சேரி செய்தார். ஒரு வாரத்துக்கு முன் நடக்க வேண்டியது, உடம்புக்கு முடியாமல் தள்ளிப்போயிருந்தது. ஏழே நாளில், ஏப்ரல் 21-ல், இறந்துபோனார். அவருடைய கடைசிக் கச்சேரி அதுவாகிவிட்டது. ஒரு கறுப்பினக் கலைஞன் கடைசியாக வாசித்தது, ஒரு காலத்தில் அவன் மக்கள் வெளிச்சுவர்ப் படியில் ஏறி வந்த அரங்கத்தில், எல்லா நிறத்து ஜனங்களும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்த அரங்கத்தில். 1975-ல் இடித்திருந்தால் அந்த இரவு இங்கே நடந்திருக்காது.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

இதெல்லாம் அவர்கள் ஊர்க் கதை, நமக்கென்ன என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் முன்பு அப்படி நினைத்தவள்தான். ஆனால் நாம் எப்படி இங்கே வந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். 1965-க்கு முன்னால் இந்தியர்களுக்கு இந்த நாட்டில் ஆண்டுக்கு நூறு பேர் என்ற கணக்கில்தான் குடியேற இடம். அந்த வருஷம் வந்த குடிவரவுச் சட்டம்தான் பிறந்த நாட்டை எடைபோட்டு ஒதுக்கீடு தரும் பழைய முறையை ஒழித்தது. அந்தச் சட்டம் தானாக வந்து விழவில்லை. 1964-ல் சிவில் உரிமைச் சட்டம், 1965-ல் வாக்குரிமைச் சட்டம், அதே அலையில் குடிவரவுச் சட்டம். அந்த அலையை எழுப்பிய மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீடு ஃபாக்ஸிலிருந்து சில மைல் தூரத்தில், ஆபர்ன் அவென்யூவில் இருக்கிறது. அந்த வெளிப்படிக்கட்டில் ஏறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தெருவில் இறங்கி, அடிபட்டு, சிறைக்குப் போய்த் திறந்த கதவு வழியாகத்தான் நம் விசா வந்தது. நாம் முதல் நாளே முன்வாசல் வழியாக நடந்து போய்க் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தோம். அந்த இருக்கைக்கு நாம் கொடுத்தது டிக்கெட் விலை மட்டும். மீதியை வேறு யாரோ முன்கூட்டியே கட்டியிருக்கிறார்கள்.

கடன் வாங்கியதே தெரியாமல் இருப்பது வேறு. தெரிந்த பிறகு பேசாமல் இருப்பது நம் வழக்கமில்லை. அதனால் கேட்கிறேன்.

அடுத்த தடவை ஃபாக்ஸுக்குப் போகும்போது அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேலரி வரை ஏறுங்கள். அங்கே ஐந்து நிமிஷம் உட்காருங்கள். யார் அங்கே உட்கார்ந்திருந்தார்கள், ஏன் என்று உங்கள் வாயால், தமிழில், சொல்லுங்கள். நம் ஊரில் யாரை எந்த வாசலில் நிறுத்தினோம் என்பதையும் மறைக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இந்த ஊரில் கிடைக்காது.

தமிழ்ப் பள்ளி நடத்தும் நண்பர்களே, வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறோம். ஒரு வருஷம் ஃபாக்ஸுக்குக் கூட்டிப்போவோம். வழிகாட்டியோடு சுற்றிக்காட்டும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. திரும்பி வந்ததும் பிள்ளைகள் பார்த்ததைத் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். பாடப்புத்தகத்தில் இருக்கும் தஞ்சைக் கோயிலைப் பற்றி எழுதுவதோடு, தாங்கள் வளரும் ஊரின் ஒரு கட்டடத்தைப் பற்றியும் எழுதப் பழகட்டும்.

கொடுக்க முடிந்தவர்கள் தியேட்டரின் பராமரிப்புக்கு ஏதாவது கொடுங்கள். பெருந்தொகை வேண்டியதில்லை. 1975-ல் இதைக் காப்பாற்றியதில் ஐந்து டாலர்களுக்கும் பங்கு உண்டு. நம் ஊர்க் கோயில் திருப்பணிக்குக் கேட்டால் நாம் கணக்குப் பார்ப்பதில்லை. குடியிருக்கும் ஊரின் திருப்பணிக்கும் நம் பெயரில் ஒரு செங்கல் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு மூத்தவர் இருப்பார். வணக்கம் சொல்லிக் கடந்து போகாமல், அவரிடம் ஃபாக்ஸைப் பற்றிக் கேளுங்கள். எங்கே உட்கார்ந்தார், யாரோடு போனார், அப்போது மழை பெய்ததா என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதைப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். சுவரைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நினைவைப் பார்த்துக்கொள்ள ஆள் போதாது.

அந்த ராத்திரி நாங்கள் கேலரியிலிருந்து இறங்கிக் கீழ்த்தளத்துக்கு வந்து உட்காரும்போது விளக்குகள் அணைய ஆரம்பித்திருந்தன. வானம் நீலமாகி, ஒவ்வொரு நட்சத்திரமாகத் தெரிந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தார். "அங்கிருந்து பார்க்கும்போது இது ரொம்பக் கிட்ட இருக்கும்" என்றார். "கையை நீட்டினா தொட்டுடலாம்னு தோணும். எங்கம்மா தொடச் சொல்லித் தூக்கிக் காட்டுவாங்க."

வரும் மாதம் ஒரு கச்சேரிக்கு மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன், கேலரியில். எனக்கு, மகளுக்கு, அந்த அம்மாவுக்கு. மகளுக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார் அவர்.

உங்களையும் அங்கே பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு,

உங்களில் ஒருத்தி,
ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா